வாய்க்குள் ஒரு பிடி பச்சரிசி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற ரகம். ஆனால் அது இப்போது கிடையாது. இப்போது பூவரசனின் வாய்க்குள் ஒரு பிடி பச்சரிசி இருக்கிறது. அவன் சிரித்தால் அரிசி கொட்டிவிடும், அரிசி கொட்டினால் டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டு மாசம் இருக்கும்போது டி.சி.யோடு வந்து நிற்கிறவனை எந்தப் பள்ளிக்கூடமும் வாசற்படி ஏற்றாது. ஆகவே அவன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். நாமும் கொஞ்சம் மூடிக்கொண்டு நிற்போம்.

விடுதிக்குப் பின்னால் வாலிபால் மைதானம், மைதானத்தின் வெள்ளைக் கோட்டின் மேல் பத்துப் பன்னிரண்டு பையன்கள், அத்தனை பேர் கன்னமும் கடலையை அதக்கிக்கொண்ட குரங்குக் கன்னம் போல உப்பியிருக்க, எதிரே கழுத்தில் விசிலும் கையில் நியூஸ்பேப்பர்க் கட்டுமாக நாச்சிமுத்து சார். நாமக்கல்லைச் சுற்றியிருக்கும் பள்ளிகளில் இதுவும் ஒன்று, வேலிக்கு அப்பால் கோழிப்பண்ணை, காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும், ஆனால் இப்போது கையைத் தூக்கக்கூட யாருக்கும் தைரியமில்லை, கையைத் தூக்கியவன் அரிசியைத் துடைக்கிறான் என்று சார் நினைத்துவிட்டால்? சாருக்குக் காலையில் விடுதிக் காப்பாளர் வேலை, பகலில் விலங்கியல் பாடம், இரண்டு வேலைக்கும் ஒரே முகம், எண்ணெய் தேய்த்த கறுப்புப் பலாக்கொட்டை மாதிரி வழவழவென்று, அதில் என்ன ஓடுகிறது என்று ஒரு பயலாலும் கண்டுபிடிக்க முடியாது. "நாக்கு ஆட்டப்படாது. கடிக்கப்படாது. முழுங்கப்படாது. நான் விசிலு ஊதற வரைக்கும் அப்படியே நிக்கோணும். ஆருக்காச்சும் சந்தேகம் இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத் தானே சொல்லிக்கொண்டார், "சந்தேகம் இருந்தாலும் கேக்க முடியாது, வாய்ல அரிசி இருக்குதில்ல." இதற்கு யாரும் சிரிக்கவில்லை. இது அந்தச் சிரிப்பும் இல்லை. பூவரசன் சாரின் குரலை உள்ளுக்குள்ளேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்தான், இருக்குதில்ல, அந்த 'ல்ல'வில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற இடம், அடடா, அச்சாக வருகிறது, பழக்க தோஷத்தில் நாக்கு நிஜமாகவே அசைந்துவிட்டது, இரண்டு அரிசி பல்லிடுக்கில் போய் மாட்டிக்கொண்டது, சார் பார்த்தாரா? பார்த்தார். இல்லை, அவர் பார்த்தது பக்கத்தில் நிற்கிற ரியாஸை. இல்லை, ரியாஸைப் பார்ப்பது போல இவனைப் பார்த்தார். பாதிக் கண்ணால் பார்க்கிற ஆள் அவர், தவளையை அறுக்கும்போதும் அப்படித்தான், கத்தி தவளை மேல் இருக்கும், கண் பின்பெஞ்சில் இருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் மட்டும் இந்த நாக்கு எவ்வளவு ஒழுங்காகச் சொன்ன பேச்சைக் கேட்டது! மைக் ரூம் திறந்து கிடந்தது, கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தார், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அது அவனைப் பார்த்துக் கண்ணடித்தது என்றே சொல்ல வேண்டும். தாளாளர் குரலுக்கு முதலில் ஒரு கனைப்பு வேண்டும், தொண்டையில் ஒரு உருண்டையை ஏற்றி இறக்குகிற கனைப்பு, பிறகு மூக்கில் பாதியும் நெஞ்சில் பாதியுமாக, "மாணவச் செல்வங்களே. இன்று மாலைப் படிப்பு கிடையாது. எல்லோரும் வீட்டுக்குப் போன் பேசலாம். க்ஹும். புரியுதுங்களா." அவ்வளவுதான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் மணியைப் பார்த்துக்கொண்டே, அதுவும் பின்னால் நிற்கிறவன் முதுகில் குத்திக்கொண்டே இருக்கப் பேச விடுகிற விடுதியில் அந்த ஒரு வாக்கியம் என்ன செய்யும்? படிப்புக் கூடத்திலிருந்து முந்நூறு பையன்கள் ஒரே வாசலில் பிதுங்கினார்கள், செருப்புகள் ஆளில்லாமல் கிடந்தன, ஆபீஸ் போன்கள் மூன்றும் கொதித்தன, தாளாளரே சொல்லிவிட்டாரே என்று கிளார்க் தன்னுடைய செல்போனையும் எடுத்து நீட்டினார், ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் அம்மாவிடம் ஒன்றுமே பேசாமல் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு நின்றான், பின்னால் இருந்தவர்கள்கூட அவனைக் குத்தவில்லை. பூவரசன் குளியலறைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து வால்கோடியில் சேர்ந்துகொண்டபோது நிஜத் தாளாளரின் கார் உள்ளே வந்தது. அவர் இறங்கிக் கனைத்தார். அந்தக் கனைப்பைக் கேட்டு வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பாவம், அசலைப் பார்த்து நகல் என்று நினைத்துவிட்டார்கள். அறிவிப்புச் சொன்ன இவனுக்கே அம்மாவிடம் பேசக் கிடைக்கவில்லை.

அம்மா. கூடாது, அம்மாவை இப்போது எடுக்கக் கூடாது. அம்மாவை எடுத்தால் ஆபீஸ் ரூம் வந்துவிடும், ஆபீஸ் ரூமில் தாளாளர் மேசைக்கு முன்னால் நாற்காலி இருந்தும் உட்காராமல் நிற்கிற அம்மா வந்துவிடுவாள், பண்ருட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த புடவைக் கசங்கலோடு, "எம்புள்ள அப்புடிச் செய்ய மாட்டாங்க சார், வாய்தான் அவனுக்கு, வேற ஒண்ணும் கெடையாதுங்க" என்பாள். ஊரில் மீன்காரி முதல் பேங்க் மேனேஜர் வரை யார் குரலையும் எடுக்கிறவன் அம்மா குரலை மட்டும் எடுத்ததில்லை, எடுத்துக் காட்டச் சொன்னாலும் மாட்டான், இப்போது அதுவாகவே தலைக்குள் பேசுகிறது, அவனைக் கேட்காமல் பேசுகிறது. நெஞ்சு டுபுடுபுவென்று அடிக்கிறது, கரண்ட் போனவுடன் மெஸ்ஸுக்குப் பின்னால் ஓடுமே ஜெனரேட்டர், அதே சத்தம், சட்டைப் பை ஆடுகிறதா? குனிந்து பார்க்கலாமா? குனிந்தால் சார் ஏன் குனிகிறாய் என்பார். சட்டைப் பை ஆடுகிறது. ஆடவில்லை, காற்று. கோழி வாடை வருகிறதே, அப்போது காற்றுதான்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே சார் அறிவித்துவிட்டார், ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கைகளுக்கு நடுவில் நின்று, "மைக்ல பேசினவன் ஆருன்னு எனக்குத் தெரியாது. ஆனா கண்டுபுடிக்கறது சுலபமுங் கண்ணுகளா. அறிவிப்பு வந்தப்ப கூடத்துல இல்லாதவங்க பேரு எங்கிட்ட இருக்குது. தண்ணி குடிக்கப் போனேன், ஒண்ணுக்குப் போனேன்னு சொல்றீங்க. செரி. எங்க ஊர்ப்பக்கம் அந்தக் காலத்துல நகை காணாமப் போனா பச்சரிசியக் குடுத்து வாயில போட்டுக்கச் சொல்லுவாங்க. திருடன் வாயி காஞ்சு போயிரும், அரிசி நனையாது. மந்திரம் கிந்திரம் ஒண்ணுமில்ல. நாம போன வாரம் படிச்ச பாடம்தான். நாளைக்கிக் காலைல ஓட்டம் முடிஞ்சதும் டெஸ்டு. மாட்டுனவனுக்கு டி.சி." சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்தார். அவர் மோர் குடித்தது எதற்கு? எல்லோர் முன்னாலும், தொண்டை ஏறி இறங்குவது தெரியும்படி, அவ்வளவு மெதுவாக? அதைப் பூவரசன் ராத்திரியிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறான். ஒரு மனுஷன் மோர் குடிப்பதில்கூட ஏதோ இருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்துவிட்டால் அப்புறம் உலகத்தில் சும்மா நடக்கிற காரியம் என்று ஒன்றும் இருக்காது. காலையில் ஓடி முடித்ததும் குழாய்ப் பக்கம் யாரையும் விடவில்லையே, அதில் ஏதோ இருக்கிறது. ரியாஸுக்கு நேற்று மெஸ்ஸில் இரண்டாவது முட்டை விழுந்ததே, அதிலும் இருக்கிறது. அப்போது ரியாஸ் முட்டையை உரித்துக்கொண்டே இவன் பக்கம் சாய்ந்து, "ஏலேய், தாளாளருக்கு இன்னைக்கிச் சளி புடிச்சிருக்கு போல, குரலு கொஞ்சம் கட்டிப் போயிருந்துச்சுல்ல?" என்றானே, அது சும்மா கேட்ட கேள்வியா? ராமநாதபுரத்துக்காரன், பக்கத்துக் கட்டில், இரண்டு வருஷமாகச் சோப்பு, சீப்பு, பினாயில் வாசம் எல்லாம் பங்கு போட்டுக்கொண்டவன். குரல் கட்டியிருந்தது என்றால் என்ன அர்த்தம்? மிமிக்ரி சரியில்லை என்று சொல்கிறானா, உன்னைத் தெரியும் என்று சொல்கிறானா? இரண்டில் எது மோசம் என்று பூவரசனால் தீர்மானிக்க முடியவில்லை. அந்தக் கனைப்பில் ஒரு குறையும் இல்லை. அதை யார் முன்னாலும் அடித்துச் சொல்வான். சொல்ல முடியாது, அதுதான் வேதனை.

போன வாரப் பாடம். சாக்பீஸ் தூளோடு சாரின் குரல் அப்படியே கிடைக்கிறது, வாயைத் திறக்காமலே எடுத்துவிடலாம்: இங்க பாருங் கண்ணுகளா, ஒடம்புல ரெண்டு கவர்மெண்டு இருக்குது. ஒண்ணு நீ சொன்னாக் கேக்கும், கையத் தூக்குன்னாத் தூக்கும், கால மடக்குன்னா மடக்கும். இன்னொண்ணு உன்னையக் கேக்கவே கேக்காது. மூச்சு விடோணும்னு அலாரம் வெச்சுட்டா தூங்கற? திங்கற சோத்த இன்னிக்கு ஜீரணம் பண்றதா நாளைக்குப் பண்றதான்னு ரோசன பண்ணிட்டா இருக்கற? அதான் தானியங்கு நரம்பு மண்டலம். அதுல ரெண்டு ஆபீசரு. பரிவு நரம்புன்னு ஒருத்தரு, எதிர்ப்பரிவுன்னு ஒருத்தரு. நாய் தொரத்துச்சுன்னா மொதலாமவரு வந்து சீட்ல ஒக்காந்துக்குவாரு. நெஞ்சு அடிக்கும், கண்ணுப்பாப்பா விரியும், வேர்க்கும், வயித்து வேல நின்னு போகும், வாய்த்தண்ணி வத்திப் போகும். நாய் போச்சுன்னா ரெண்டாமவரு வந்து எல்லாத்தையும் பழையபடி ஆக்கிப்போடுவாரு. எழுதிக்கங்க, அஞ்சு மார்க்கு. பூவரசன் எழுதிக்கொண்டான். யூனிட் டெஸ்ட்டில் அஞ்சுக்கு அஞ்சு வாங்கினான். அந்த அட்டவணை கண்ணுக்குள் இருக்கிறது, இடது பக்கம் உறுப்பு, வலது பக்கம் இரண்டு கட்டம், உமிழ்நீர்ச் சுரப்பு, குறைகிறது, அதிகரிக்கிறது. குறைகிறது என்ற கட்டத்துக்குள் தன்னையே யாரோ பிடித்து உட்காரவைத்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

ஏனென்றால் வாய் காய்ந்துவிட்டது. ஆமாம், காய்ந்தேவிட்டது. அரிசி உள்ளே கூழாங்கல் மாதிரி கிடக்கிறது, ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் காதுக்குள் கேட்கிறது, பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்குமோ? இந்தத் தொண்டையை, இந்த நாக்கை, இந்த உதட்டை அவன் எத்தனை வருஷம் சீராட்டி வளர்த்திருப்பான், ரயில் வா என்றால் ரயில் வரும், குக்கர் வா என்றால் மூன்று விசிலோடு வரும், கல்யாண வீட்டு மைக்செட்காரர், லாட்ஜ் மேனேஜர், தூக்கத்தில் பேசும் கணக்கு வாத்தியார் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அதே வாய்க்குள், நாக்குக்கு அடியிலேயே, அவனுக்குத் தெரியாமல் இன்னொருத்தன் குடியிருந்திருக்கிறான். போட்டுக் கொடுக்கிறவன். வாடகை கொடுக்காமல் உள்ளே உட்கார்ந்து, இவன் சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டு, நேரம் பார்த்து வெளியே இருக்கிற சாருக்கு ஜாடை காட்டுகிறவன். வாய் மட்டுமா, உள்ளங்கை ஈரம், முழங்கை மயிர் எழுந்து நிற்கிறது, காது சூடு, காது சிவந்திருக்கும், கறுப்புக் காதில் சிவப்புத் தெரியாது என்று ஒரு ஆறுதல், கண்பாப்பா? அது விரிந்திருக்கும். பார்த்தால் தெரியும். அவன் சூரியனைப் பார்த்துக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டான், வெளிச்சம் பட்டால் சுருங்கும், அதுவும் பாடத்தில் இருக்கிறது, கண்ணில் நீர் கொட்டியது. போச்சு, அழுகிறான் என்று நினைப்பாரோ? அடப்பாவி உடம்பே, வாயில் விடவேண்டிய தண்ணீரைக் கண்ணில் விடுகிறாயே. ஊரில் டேங்க் ஆபரேட்டர் ஒருவர் இருந்தார், தெற்குத் தெருவுக்குத் திறக்கச் சொன்னால் வடக்குத் தெருவுக்குத் திறப்பார், கேட்டால், "வால்வு அப்படித்தாம்ப்பா, எங்கைல என்னா இருக்கு" என்பார். அவர்தான் உள்ளே இருக்கிறார். ஐயா, பெரியவரே, கொஞ்சம் வாய்ப்பக்கம் திறந்து விடுங்க. வால்வு அப்படித்தாம்ப்பா.

சார் நடக்க ஆரம்பித்தார். வரிசையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, செருப்பு மண்ணைத் தேய்க்க, ஒவ்வொரு முகமாக, வேண்டுமென்றே மெதுவாக. "மெஸ்ல இன்னிக்கு இட்லி. கடலச் சட்னி, வெங்காயச் சட்னி, ரெண்டும் இருக்குது" என்றார் யாரையும் பார்க்காமல். இதில் ஏதோ இருக்கிறது. தப்புச் செய்யாதவன் வாயில் ஊறட்டும் என்று சொல்கிறாரா, இல்லை, ஊறாதவன் முகத்தில் வருகிற மாற்றத்தைப் பார்க்கிறாரா? பூவரசன் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டான், முகத்தை மாற்றாமல் வைத்திருப்பதே ஒரு மாற்றம் என்று பட்டது, லேசாக மாற்றினான், என்ன மாதிரி மாற்றினோம் என்று தெரியவில்லை. விடுதி நாய் வந்தது. இத்தனை பேரில் இவனிடம்தான் வந்தது, முழங்காலை முகர்ந்தது, மூக்கைச் சுருக்கியது, பயம் வேர்வையில் வாசம் அடிக்குமாம், நாய்க்குத் தெரியுமாம், போ சனியனே, மனசுக்குள் சார் குரலில் அதட்டினான், அக்கட்டால போடா, நாய் போய்விட்டது. கேட்டதா அதற்கு?

சரி, நேற்றிலிருந்து எதற்குத் தயார் செய்தோம்? இதற்குத்தானே. அட்டவணையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் தூங்கினான். ஆபீசரிடம் நேராகப் போய்க் கேட்டால் எச்சில் தர மாட்டார், ஆனால் புளிப்பை நினைத்தால் தருவார், நினைப்பு நம்முடையது, நினைப்பு நம் பேச்சைக் கேட்கும். எலுமிச்சை. எலுமிச்சையை நினை. பாதியாக வெட்டினது, விதை தெரிகிறது, அப்பா பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொடுத்த சோடா சர்பத், கடைக்காரர் பிழிகிறார், அப்பா சொல்கிறார், "ஆஸ்டலு போயி ஒழுங்கா இருக்கணும், அங்க வந்து உன் சேட்டைய வெச்சுக்கிட்டா அப்பறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்," எலுமிச்சை கசந்துபோயிற்று. விடு. புளியங்காய். பச்சைப் புளியங்காய், உப்பு தொட்டு, ஏரிக்கரை மரத்தில், கீழே தோப்புக்காரர் வந்து நின்றார், ஏறினவன் இறங்க முடியவில்லை, அன்றைக்கும் இதே டுபுடுபு, வேண்டாம், இறங்கு. நெல்லிக்காய். நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும், தண்ணீர், குழாய், ஏன் குழாய்ப் பக்கம் விடவில்லை? ஐயோ, இந்த மனசு ஒரு புளிப்பில்கூட ஒழுங்காக நிற்காதா? எதைத் தொட்டாலும் அடியில் யாரோ ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தயிர். ஊறுகாய். புளித்த மாவு. அம்மா மாவு கரைக்கிற, வேண்டாம் என்றேனே.

அப்போது ஒரு குரல் வந்தது. பண்ருட்டியில் பழைய பள்ளிக்கூடத்து கேட்டில் தகரத் தட்டோடு உட்கார்ந்திருப்பாளே செவந்தாக்கா, அவளுடைய குரல், அடிவயிற்றிலிருந்து கிளம்பிக் கடைசியில் கீச்சென்று முடியும், "மாங்காஆஆ, கிளிமூக்கு மாங்காஆ, உப்பு போட்டு, மொளகாப்பொடி போட்டு, வா ராசா, வாயத் தொற," பூவரசன் அந்தக் குரலைத் தொண்டைக்குள் அசையாமல் பிடித்தான், அவள் எப்படி மூச்சு இழுப்பாள், எந்த இடத்தில் வெற்றிலைச் சாறு குறுக்கே வந்து குரலைக் கரகரப்பாக்கும், கத்தி மாங்காயில் இறங்கும்போது அவள் நாக்கால் 'ட்ச்' கொட்டுவாளே, அந்த ட்ச், அதை உள்ளுக்குள் சொன்னதுதான் தாமதம், இரண்டு கன்னத்துக்கும் பின்னால், காதுக்குக் கீழே, யாரோ ஊசியால் குத்தின மாதிரி ஒரு சுருக், அப்புறம் வந்தது. சொட்டு. இன்னொன்று. நாக்குக்கு அடியில் ஊற்று உடைத்துக்கொண்டது. கீற்றின் ஓரத்தில் பச்சை, நடுவில் வெள்ளை, பொடி ஈரத்தில் கரைந்து சிவப்பாக ஓடுகிறது, "வாயத் தொற ராசா," தெற்குத் தெரு, வடக்குத் தெரு, எல்லா வால்வும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டது, டேங்க் ஆபரேட்டர் பயந்துபோய் எழுந்து நிற்கிறார். அரிசி நனைகிறது. உரசுகிற சத்தம் நின்றுபோயிற்று. கூழாங்கல்லெல்லாம் மழையில் கிடக்கிறது. ஆகா, பூவரசா, நீ யாருடா, யாராலும் அதட்ட முடியாத ஆபீசரையே மாங்காய்க்காரி குரலில் கூப்பிட்டுக் காரியம் சாதித்துவிட்டாயே! நெஞ்சுகூடக் கொஞ்சம் அடங்கியது. அவன் ஓரக்கண்ணால் மற்றவர்களைப் பார்த்தான். எல்லா முகமும் செத்துப்போயிருந்தது. ரியாஸின் தொண்டைக்குழி வெறுமனே ஏறி ஏறி இறங்கியது. பாவிப்பயல்கள், ஒன்றும் செய்யாமலே இப்படி நடுங்குகிறார்களே என்று ஒரு பரிதாபமும், இதில் எவன் மாட்டப்போகிறானோ என்று ஒரு குறுகுறுப்பும் சேர்ந்தே வந்தன. மாட்டுகிறவனுக்கு டி.சி.யாமே. அவன் அம்மா வருவாளே. அந்த நினைப்பு பல்லிடுக்கு அரிசி மாதிரி குத்தியது, நாக்கை ஆட்டாமல் அதை எடுக்க வழியில்லை, செவந்தாக்காவை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூவவிட்டான்.

விசில்.

அந்தக் கோடியில் முதல் ஆள் திருமூர்த்தி, கபடி டீம், தூணைப் போல இருப்பான். சார் அவன் மோவாய்க்குக் கீழே பேப்பரைப் பிடித்தார். துப்பினான். அரிசி பொலபொலவென்று, களத்தில் கொட்டுகிற மாதிரி உதிர்ந்தது, இரண்டு மூன்று பேப்பரில் பட்டுத் துள்ளிக் கீழே ஓடின. மைதானம் முழுக்க மூச்சை இழுத்துக்கொண்டது. திருமூர்த்தி அந்த அரிசியைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், அவ்வளவு பெரிய உடம்பு பொலுக்கென்று உடைந்தது. "சார், நான் இல்லீங் சார். காஞ்சிருச்சுங் சார், ஆனா நான் இல்லீங் சார், எங்கம்மா மேல சத்தியமா..."

"தெரியுங் கண்ணு," என்றார் சார். "போ. போயி இட்லி சாப்புடு."

திருமூர்த்திக்குப் புரியவில்லை. பூவரசனுக்கும் புரியவில்லை. சொந்தக்காரனோ? கபடி டீம் மாவட்டத்துக்குப் போகிறது, அதனால் விடுகிறாரோ? இதில் ஏதோ இருக்கிறது. இரண்டாவது பையன் துப்பினான், உலர்ந்த அரிசி. "போ." மூன்றாவது, உலர்ந்த அரிசி, அவன் நாக்கில் ஒட்டியிருந்ததை விரலால் சுரண்டி எடுத்தான். "போ கண்ணு, கையக் கழுவிட்டு உக்காரு." நான்காவது ஆள். "போ." சாருக்கு என்ன ஆகிவிட்டது? அட்டவணையைத் தலைகீழாக ஞாபகம் வைத்திருக்கிறாரா? குறைகிறது, அதிகரிக்கிறது, கட்டம் மாறிப்போயிற்றா? சார், அஞ்சு மார்க்குக் கேள்வி சார், நீங்களே எழுதிப்போட்டது சார் என்று கத்த வேண்டும் போல இருந்தது, வாய் நிறைய மாங்காய்த் தண்ணீர். காய்ந்த அரிசியோடு அத்தனை பேரும் மெஸ் பக்கம் ஓடுகிறார்கள், ஓட்டத்தில் ஒருத்தன் சிரிக்கக்கூடச் செய்கிறான், வரிசை தேய்ந்துகொண்டே வருகிறது, இந்தப் பக்கம் வெயில் மட்டும் மிச்சம்.

ரியாஸ் துப்பினான். சட்டைப் பொத்தான் மாதிரி ஒவ்வொன்றாக விழுந்தன. அவன் கண்ணைப் பூவரசன் அப்போதுதான் நேராகப் பார்த்தான், அதில் ரகசியமும் இல்லை, காட்டிக்கொடுப்பதும் இல்லை, நாயிடம் மாட்டின பூனைக்குட்டியின் வெறும் பயம், வேறொன்றும் இல்லை. இரண்டாவது முட்டை வெறும் முட்டை. சளி பற்றிக் கேட்டது சளி பற்றித்தான்.

"பயந்துட்டியா?" என்றார் சார்.

"ஆமா சார். செய்யாமலே மாட்டிக்கிருவோமோன்னு ராவெல்லாம் பயந்து கெடந்தேன் சார்."

"பின்ன? டி.சி.ன்னு சொன்னா ஆரு பயப்படாம இருப்பாங்க? ஓட வெச்சு, தண்ணியும் குடுக்காம வெயில்ல நிக்க வெச்சா ஆரு வாயில எச்சி ஊறும்? தப்புப் பண்ணுனவன், பண்ணாதவன் எல்லாம் ஒண்ணுதான், அத்தன வாயும் காயத்தான் செய்யும்." அவர் ரியாஸின் முதுகில் தட்டினார். "காயக் கூடாதுன்னு நேத்திருந்து ரோசன பண்ணி, அதுக்குன்னு மெனக்கெட்டு வந்தவன் ஒருத்தன் இருப்பான்ல? அவனத்தான் நான் பாக்கோணும். நீ போ கண்ணு."

செவந்தாக்கா கூவிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போயேவிட்டாள். அவள் போன இடத்தில் அந்த மோர் டம்ளர் வந்து உட்கார்ந்தது, மூடிய குழாய் வந்தது, இட்லி வந்தது, எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்து இவனையே பார்த்தன, அத்தனை கண்ணும் சாரின் பாதிக் கண். சந்தேகப்பட்டது முழுக்கச் சரி, சந்தேகப்பட்ட இடம்தான் தப்பு. மாங்காய்க்காரி குரலைக் கேட்டு ஒதுங்கிப் போயிருந்த முதல் ஆபீசர் இப்போது மறுபடி படியேறி வந்து சீட்டில் உட்கார்ந்தார், வாங்க சார், நல்ல நேரத்துக்கு வந்தீங்க, நெஞ்சு ஜெனரேட்டரை முடுக்கினார், முழங்கை மயிரை எழுப்பினார், வயிற்றைச் சுருட்டினார், எச்சில் வால்வை இறுக்கி மூடினார், பாடத்தில் இருக்கிறபடி ஒன்று விடாமல் செய்தார். தொண்டை வறண்டது, நாக்கு மேலே ஒட்டியது. ஆனால் அரிசி? அது எப்போதோ ஊறிப் பருத்து, தளதளவென்று, இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டால் கஞ்சி என்று சொல்லிவிடலாம், கன்னத்துக்குள் கனமாகக் கிடந்தது. ஊறினது எந்த ஆபீசர் வந்தாலும் உலராது. உலகத்தில் யார் குரலில் கெஞ்சினாலும் உலராது.

சார் பேப்பரைத் திருப்பினார், காய்ந்த பக்கத்தை மேலே வைத்தார், அவன் மோவாய்க்குக் கீழே கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். துப்பு என்று சொல்லவில்லை. அவசரமே இல்லாதவர் போல, எண்ணெய் தேய்த்த பலாக்கொட்டை முகத்தில் முதல்முறையாக ஒரு சுருக்கம் விட்டு, காத்திருந்தார். பூவரசன் உதட்டை இறுக்கினான். உதடு அவன் சொன்ன பேச்சைக் கேட்கிற உதடுதான். இருந்தும் அதன் இடது ஓரத்தில் ஏதோ சூடாக ஊர்வது தெரிந்தது, ஊர்ந்து, கோடாக இறங்கி, மோவாயில் ஒரு கணம் தொங்கி நின்று, வெளேரென்று கஞ்சித்தண்ணி போலச் சொட்டுச் சொட்டாகப் பேப்பரில் விழ ஆரம்பித்தது.